இரண்டு 'டு'

வேலைக்கு மனுப் போடும் நம் இளைஞர்கள் பலர் கடிதத்தை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடிக்கிறார்கள். இந்த ஒரு வரிக்காகவே மனுவை ஓரம் கட்டும் மேனேஜர்கள் உண்டு. தப்பு பையன்களுடையது இல்லை. 'டு வந்தால் வினைச்சொல்லை அப்படியே போடு' என்று சூத்திரம் கொடுத்த 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகையறா புத்தகங்களுடையது.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு. 'ஐ வான்ட் டு மீட் யூ'வில் வருவது வினையெச்சம்; நம் 'பார்க்க'. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் வருவது நம் 'க்கு' மாதிரி. 'சந்திப்புக்கு' என்கிறோமே, அது. பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். எனவே, 'டு மீட்டிங் யூ'.

சந்தேகம் வந்தால் 'லெட்டர்ஸ்' என்று ஒரு பன்மையைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு லெட்டர்ஸ்' நிற்கிறது, 'இங்' போடலாம். 'வான்ட் டு லெட்டர்ஸ்' விழுந்துவிடுகிறது, போடக்கூடாது.

'ஐ யூஸ்ட் டு ஸ்மோக்' என்றால் முன்பு பிடித்தேன். 'ஐயாம் யூஸ்ட் டு ஸ்மோக்கிங்' என்றால் பழகிவிட்டது. டாக்டரிடம் மாற்றிச் சொல்லாதீர்கள்.

'தமிழ் வழியாக' என்று அட்டையில் போடுபவர்கள், உள்ளேயும் கொஞ்சம் தமிழைப் பயன்படுத்தியிருக்கலாம்.