சேற்றுக்கரையில் ஒரு துள்ளல்

ஐரோப்பாவில் ஒரு குளக்கரைக்கோ ஆற்றோரத்துக்கோ போக வாய்த்தால் தண்ணீரைப் பார்க்காதீர்கள். தண்ணீர் பின்வாங்கிய பிறகும் ஈரம் காயாமல், அதிகம் புல் முளைக்காமல் கிடக்கும் சேற்றைப் பாருங்கள். சால்டுலா என்ற சிறு பூச்சி அங்கேதான் வாழ்கிறது. நீளம் சுமார் 4 மில்லிமீட்டர், ஓர் அரிசிமணிகூட இல்லை.

நடந்து தேடினால் அகப்படாது. காலடி நெருங்குவதற்குள் துள்ளும். துள்ளிய வேகத்திலேயே சிறகு விரித்துக் கொஞ்ச தூரம் போய் இறங்கி, ஓடி ஒளிந்துகொள்ளும். ஏதோ ஈ என்று நாமும் விட்டுவிடுவோம். ஆகவே உட்காருங்கள், நிழல் சேற்றில் விழாதபடி வெயிலைப் பார்த்து. பத்து நிமிடம் அசையக் கூடாது. கண் பழகியதும், மண் துணுக்கு என்று நினைத்தது ஓடி நிற்கும், மறுபடி ஓடும். கருமையும் வெளிறிய புள்ளிகளுமாக அந்த உடம்பு ஈர மண்ணின் நிறத்தையே போர்த்தியிருக்கும்.

முதலில் கண்களைப் பாருங்கள். தலையில் பெரும்பகுதி கண்தான். இரை தேடும் உயிருக்கு அது வேண்டும். நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். இதுவும் நாவாய்ப்பூச்சிதான், அதே ஊசிவாய்தான். ஆனால் உறிஞ்சுவது பிற சிற்றுயிர்களின் உடற்சாற்றை. சேற்றுக்குள் அந்த ஊசியை இறக்கி, புதைந்திருக்கும் புழுவைத் தேடும் காட்சிக்காகவே எத்தனை நேரமும் காத்திருக்கலாம்.

இனி பெயர். 1758இல் வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் இவற்றில் ஒன்றை மூட்டைப்பூச்சியின் பேரினமான சைமெக்ஸில் சேர்த்து, துள்ளுவது என்று பொருள்படும் 'சால்டடோரியஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். சேர்த்த இடம் பின்னால் மாறியது, துள்ளல் நிலைத்தது. சால்டுலா என்ற பேரினத்தை 1914இல் நிறுவியவர் அமெரிக்கரான வான் டூசி. சால்டா என்ற பழைய பேரினப் பெயரின் குறுக்க வடிவம் அது, 'குட்டிச் சால்டா' என்பதுபோல. லின்னேயஸ் பெயரிட்ட அந்தப் பூச்சி இன்று சால்டுலா சால்டடோரியா.

ஒன்றைக் கண்ணாடி டப்பாவால் மூடிப் பிடித்து, உருப்பெருக்கியில் முன்சிறகின் நுனியைப் பாருங்கள். அங்கே மெல்லிய சவ்வில் நான்கு நீண்ட அறைகள் பக்கம் பக்கமாக இருக்கும். சால்டுலா சேர்ந்த கரை நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தை அடையாளம் காட்டுவது இந்த அறைவரிசைதான். இனத்தைச் சொல்வது கடினம். ஒரே இனத்தில் வெளிறியதும் உண்டு, ஏறக்குறைய முழுக்கறுப்பும் உண்டு. நிறத்தை நம்பி முடிவு சொல்லாதீர்கள். வல்லுநர்களே பல இனங்களை ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.

கூடும் விதமும் தனி. ஆண் முழுவதும் மேலேறாமல் பெண்ணின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். ஆணின் வயிற்றோரத்தில் சிறு முளைகள் கொண்ட பிடிப்பு ஒன்று உண்டு. அதனால் பெண்ணின் சிறகோரத்தைக் கவ்விக்கொள்ளும். ஜோடியைக் கண்டால் டப்பாவை எடுக்காதீர்கள்.

கரைதான் இவற்றின் வீடு என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஹவாய்த் தீவுகளில் சில சால்டுலாக்கள் நீரோரத்தை விட்டு மழைக்காட்டு மரங்களில் ஏறிவிட்டன.

சால்டடோரியா குளிர்காலத்தை வளர்ந்த பூச்சியாகவே ஒளிந்து கழித்துவிடும். வசந்தத்தின் முதல் வெதுவெதுப்பான நாட்களிலேயே தேடத் தொடங்கலாம். பார்த்து முடித்ததும் டப்பாவைப் பிடித்த இடத்திலேயே மெல்லத் தூக்குங்கள். துள்ளுவதற்கு முன் ஒரு நொடி அது அசையாமல் நிற்கும். கண்ணை எடுக்காதீர்கள்.