அடி வாங்கத் தெரிந்த ஆள்

போலீஸ்காரன் சார்லி தடியை ஓங்கி அந்த ரவுடியின் மண்டையில் போடுகிறான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று போடுகிறான். அதற்கும் அசைவில்லை. சந்தேகம் இருந்தால் நன்றாகவே அடித்துப் பார் என்பதுபோல ரவுடி தலையைக் கொஞ்சம் குனிந்தும் கொடுக்கிறான். 1917 ஜனவரியில் வெளியான 'ஈஸி ஸ்ட்ரீட்' படத்தின் இந்த இடத்தில் நூறு வருஷமாக எல்லோரும் சார்லி சாப்ளினைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்வது அடிக்கிறவர் இல்லை, வாங்குகிறவர்.

அவர் பெயர் எரிக் கேம்பெல். உயரம் 6 அடி 5 அங்குலம் என்பார்கள். எடை 300 பவுண்டை ஒட்டி, நம் கணக்கில் 135 கிலோவுக்கு அருகில். சாப்ளினோ 5 அடி 5 அங்குலம், அதிலும் ஒல்லி. கேம்பெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஓர் அடி வித்தியாசத்தில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். தடியன் வந்தான், குள்ளன் ஜெயித்தான், அவ்வளவுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கால ஹாலிவுட்டில் தடியர்களுக்குப் பஞ்சமே கிடையாது. சாப்ளின் தொழில் பழகிய கீஸ்டோன் கம்பெனியிலேயே மேக் ஸ்வெய்ன், ஃபேட்டி ஆர்பக்கிள் என்று பெரிய உடம்புக்காரர்கள் இருந்தார்கள். வெறும் உடம்புதான் வேண்டும் என்றால் படத்துக்கு ஒருவரைப் பிடித்திருக்கலாம். சாப்ளின் அப்படிச் செய்யவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1916இல் மியூச்சுவல் கம்பெனி சாப்ளினை வாரம் 10,000 டாலர், கையெழுத்துக்குத் தனியாக 1,50,000 டாலர் என்று ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 6,70,000. அந்தப் பணத்துக்கு அவர் கொடுத்தவை 12 குறும்படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ரீல். முதல் படம் 1916 மே மாதம், கடைசிப் படம் 1917 அக்டோபர். இந்த 12இல் 11 படங்களில் கேம்பெல் இருக்கிறார். இல்லாத ஒன்று 'ஒன் ஏ.எம்.' குடித்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் ஒருவன் மாடிப்படியோடும் கட்டிலோடும் மல்லுக்கட்டுகிறான். தொடக்கத்தில் வரும் டாக்ஸி டிரைவரைத் தவிரப் படத்தில் வேறு ஆளே இல்லை. ஆக, எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்த எல்லாப் படத்துக்கும் சாப்ளின் ஒரே ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அணித் தேர்வை வைத்து ஒரு கேப்டனின் மனசைப் படிக்கலாம் என்றால், இதைவிடத் தெளிவான தேர்வு கிடைக்காது.

கேம்பெல் இங்கிலாந்து மேடைகளில் தேறியவர், ஃப்ரெட் கார்னோ குழுவின் வார்ப்பு. சாப்ளினும் ஸ்டான் லாரலும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்களே. வசனத்தை நம்பாமல் உடம்பை நம்பிச் சிரிக்க வைக்கும் பள்ளி அது. ஒரு உதை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், அதற்குப் பின் எத்தனை விநாடி சும்மா இருக்க வேண்டும் என்பதை ராத்திரிக்கு ராத்திரி கூட்டத்தின் முன்னால் பழகியவர்கள். நியூயார்க்கில் மேடையேறிக்கொண்டிருந்த கேம்பெல்லை சாப்ளின் மேற்கே அழைத்துப் போனபோது, அவருக்குக் கிடைத்தது தன் மொழி தெரிந்த ஒருவர்.

அந்த மொழியின் முதல் பாடம் அசையாமல் இருப்பது. கீஸ்டோன் படங்களில் ஒருவனை ஊசியால் குத்தினால் நாலு பேர் துள்ளுவார்கள். கை காலை உதறுவதே நடிப்பு. கேம்பெல்லிடம் வரிசை வேறு. அடி விழும்; முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கண் மட்டும் திரும்பும். அப்புறம் தலை. உடம்பு கடைசியில்தான் வந்து சேரும். இந்தத் தாமதத்துக்குள் சாப்ளின் செய்ய வேண்டிய அத்தனையையும் செய்துவிடுவார்: அசட்டுச் சிரிப்பு, தொப்பியைத் தொடுவது, எதுவுமே நடக்காததுபோலக் கையைத் துடைத்துக்கொள்வது. எதிராளி அரை விநாடி முந்திக்கொண்டிருந்தால் இதில் ஒன்றுக்குக்கூட இடமிருக்காது. சுவர் நகர்ந்துகொண்டே இருந்தால் யாரும் பந்தடித்துப் பழக முடியாது.

'ஈஸி ஸ்ட்ரீட்' சண்டையில் இந்தப் பொறுமை உச்சத்துக்குப் போகிறது. தன் பலத்தைக் காட்ட ரவுடி தெருவின் காஸ் விளக்குக் கம்பத்தைப் பிடித்து வளைக்கிறான். அவசரமே இல்லை; சின்னப் பையனுக்குப் பாடம் நடத்துகிற தோரணை. குனிந்த அதே கணத்தில் சார்லி முதுகில் தாவி, விளக்குக் கூண்டுக்குள் அவன் தலையை நுழைத்து காஸைத் திறந்துவிடுகிறான். பிறகு டாக்டரைப்போல நாடி பார்க்கிறான். இந்தக் காட்சியைப் படமாக்கும்போது கம்பம் சரிந்து சாப்ளினின் மூக்கில் அடிபட்டது, வேலை சில நாள் தடைப்பட்டது. இந்த வகைக் கூத்தில் இரண்டு அங்குலம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் உலகத்தின் விலையுயர்ந்த நடிகர் மேல் ஒரு கீறல் விழாமல் மாதக்கணக்காக அவரைத் தூக்கி எறிவதும் கழுத்தைப் பிடித்து ஆட்டுவதும் சாதாரண வித்தை இல்லை.

கனத்த ஆள் கனமாகத்தான் நகர்வார் என்று நினைப்பவர்கள் 'பிஹைண்ட் தி ஸ்க்ரீன்' பார்க்கட்டும். ஸ்டுடியோவில் செட் வேலை பார்க்கும் இருவர். கேம்பெல் பாத்திரத்தின் பெயர் கோலியாத், சாப்ளின் பாத்திரத்தின் பெயர் டேவிட். கோலியாத் தூங்க, டேவிட் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளை முதுகில் கோத்துக்கொண்டு முள்ளம்பன்றிபோல நடக்கிறான். ஆண் வேஷத்தில் இருக்கும் நடிகை எட்னா பர்வியன்ஸை டேவிட் முத்தமிடுவதைப் பார்த்துவிட்டு கோலியாத் கேலியாக இடுப்பை நெளித்து ஒரு குட்டி ஆட்டம் போடுகிறார் பாருங்கள். கேலியின் ரசனை அந்தக் காலத்தது, அதை விடுங்கள். பாதம் தரையில் படுவதே தெரியவில்லை.

'தி ரிங்க்' படத்தில் அவர் மிஸ்டர் ஸ்டவுட், சாப்ளின் ஹோட்டல் சர்வர். பில் போட வேண்டும். என்ன சாப்பிட்டார் என்பது சர்வருக்கு நினைவில்லை. அதனால் ஸ்டவுட்டின் சட்டையிலும் உடம்பிலும் சிந்தியிருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக் கணக்கு எழுதுகிறான். கேம்பெல் இங்கே செய்வது என்ன? உட்கார்ந்திருப்பது. மானம் போவது புரிந்தும் புரியாமலும், தாடியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய மனுஷனின் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பது. பிற்பாதியில் ஸ்கேட்டிங் அரங்கில் அத்தனை எடையும் சக்கரத்தின் மேல் ஏறி, திரும்பத் திரும்ப விழுகிறது. சாப்ளின் வழுக்கிச் செல்லும் அழகைப் புகழாதவர் இல்லை. அந்த அழகு கண்ணில் படுவதற்குப் பக்கத்தில் ஒருவர் அத்தனை கேவலமாக விழ வேண்டியிருந்தது.

'தி க்யூர்' படத்தில் கீல்வாதம் பிடித்த கால், பெரிய கட்டு, சுழல் கதவு. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது. 'தி அட்வென்ச்சரர்' படத்தில் அவர் எட்னாவுக்கு மாப்பிள்ளையாக வரத் துடிப்பவர். தப்பியோடிய கைதி சார்லியின் படம் பத்திரிகையில் வந்திருக்க, சார்லி அந்தப் படத்துக்குப் பேனாவால் தாடி வரைந்து கேம்பெல்லின் முகமாக்கிவிடுகிறான். வில்லாக வளைந்து நெற்றி ஏறும் பொய்ப் புருவமும் அடர்ந்த தாடியும் அவ்வளவு தூரம் முத்திரையாகிவிட்டிருந்தன. ரசிகனுக்கு முகத்தை அடையாளம் காட்ட ஒரு கோடு போதும் என்கிற நிலைக்கு வந்த துணை நடிகர்கள் அன்று எத்தனை பேர்?

எல்லாப் படமும் அவருக்கு அமைந்ததா என்றால், இல்லை. 'தி வேகபாண்ட்' படத்தில் சவுக்கோடு அலையும் நாடோடிக் கூட்டத் தலைவன். பயமுறுத்துவதைத் தவிர வேலை இல்லை, பாத்திரம் தட்டை. 'தி பான்ஷாப்' படத்தில் திருடனாகக் கொஞ்ச நேரம் வந்து போகிறார். அந்தப் படத்தின் புகழ்பெற்ற கடிகாரக் காட்சி சக நடிகர் ஆல்பர்ட் ஆஸ்டினுக்குப் போய்விட்டது. முதல் படமான 'தி ஃப்ளோர்வாக்கர்' கடையின் நகரும் படிக்கட்டைத்தான் நாயகனாக்கியது; மேலே ஏறும் படியில் இருவரும் கீழ்நோக்கி ஓடி, ஓடிய இடத்திலேயே நிற்கிறார்கள்.

அவருடைய சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் 'ஈஸி ஸ்ட்ரீட்' என்பார்கள். நான் 1917 ஜூனில் வந்த 'தி இமிகிரன்ட்' என்பேன். அதில் அவர் உணவு விடுதியின் தலைமை சர்வர். விளக்குக் கம்பம் இல்லை, துரத்தல் இல்லை. ஒரு மேஜை, ஒரு தட்டு அவரைக்கொட்டை, ஒரு நாணயம். தெருவில் கண்டெடுத்த நாணயத்தை நம்பி சார்லி சாப்பிட உட்கார்கிறான். அது பையின் ஓட்டை வழியாக விழுந்துவிட்டது அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் பில்லுக்குப் பத்து சென்ட் குறைந்த ஒருவனை சர்வர்கள் கூடி வெளுத்து வெளியே எறிகிறார்கள். அப்போதுதான் சார்லி பையைத் தடவிப் பார்க்கிறான். இதற்குமேல் கேம்பெல் கையை ஓங்கவே தேவையில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும், நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பிறகு சார்லி எப்படியோ கைப்பற்றிக் கொடுக்கும் ஒரு நாணயத்தை அவர் பல்லில் வைத்துக் கடிக்கிறார், அது வளைகிறது. வளைந்த நாணயத்தையும் சார்லியையும் அவர் மாறி மாறிப் பார்க்கும் பார்வையில் முழு நீதிமன்றமும் இருக்கிறது.

இது என் ரசனைக் கோளாறு இல்லை என்பதற்கு சாப்ளினே சாட்சி. மியூச்சுவல் படங்களின் கழிவுச் சுருள்கள் அழியாமல் தப்பியதால், கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983இல் 'அன்னோன் சாப்ளின்' என்ற தொலைக்காட்சித் தொடரில் அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். 'தி இமிகிரன்ட்' படப்பிடிப்பு, படத்தில் முதலில் வரும் கப்பலில் தொடங்கவில்லை, உணவு விடுதியில்தான் தொடங்கியது என்பது அதில் தெரிகிறது. முதலில் சர்வராக நின்றவர் ஹென்றி பெர்க்மன். அவரும் குண்டானவரே, நல்ல நடிகர், பல வருஷம் சாப்ளினோடு இருந்தவர். ஆனால் காட்சி எழும்பவில்லை. பெர்க்மன் முகத்தில் பயம் வரவழைக்கும் சரக்கு இல்லை. சாப்ளின் அவரை எடுத்துவிட்டு கேம்பெல்லை நிறுத்தினார். பெர்க்மன் பில் கட்ட முன்வரும் ஓவியராக மாறினார். அதே மேஜை, அதே அவரைக்கொட்டை, வேறு காட்சி. வெறும் சுற்றளவுதான் விஷயம் என்பவர்களுக்கு இதற்குமேல் என்ன பதில் சொல்வது?

கடைசிப் படங்களுக்கு சாப்ளின் எடுத்துக்கொண்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் மாதத்துக்கு ஒரு படம். 1917இல் ஜனவரி, ஏப்ரல், ஜூன், அக்டோபர் என்று நாலே படங்கள். கதையெழுதி வைக்காமல், கேமராவை ஓடவிட்டு, எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்து வழி கண்டுபிடிக்கும் ஆள் அவர். 'தி க்யூர்' படத்தில் முதலில் அவர் விடுதிப் பணியாள். சுருள் சுருளாக எடுத்த பிறகுதான் குடிகார விருந்தாளியாக மாறினார். இப்படித் தேடுகிற ஒருவரோடு வேலை செய்ய, நாற்பதாவது முறை வாங்கும் அடியையும் முதல் அடிபோல வாங்கத் தெரிய வேண்டும்.

கேம்பெல்லின் சொந்த வாழ்க்கை அந்த ஆண்டில் சரிந்தது. 1917 ஜூலையில் மனைவி இறந்தார். சில நாளில் மகள் சாலை விபத்தில் படுகாயமடைந்தாள். அவசரமாக நடந்த இரண்டாவது கல்யாணம் சில வாரங்களிலேயே விவாகரத்து வழக்கானது. டிசம்பர் 20ஆம் தேதி அதிகாலை லாஸ் ஏஞ்சலிஸில் குடித்துவிட்டு அவரே ஓட்டிய கார் மோதி இறந்தார். வயது 37. திரையில் அவர் இருந்த காலம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. சாப்ளின் புதிய கம்பெனியான ஃபர்ஸ்ட் நேஷனலுக்கு மாறி, சொந்த ஸ்டுடியோ கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

கேம்பெல்லின் இடத்தை சாப்ளின் அப்புறம் யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. 1925இன் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் மேக் ஸ்வெய்ன் என்கிற பெரிய உடம்பு திரும்ப வருகிறது, ஆனால் அவர் நண்பர். பசியில் சார்லியைக் கோழியாகப் பார்க்கும் நண்பர். 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் எதிராளி ஒரு தொழிற்சாலை. இதெல்லாம் கேம்பெல் இல்லாததால் நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன், சாப்ளின் எப்படியும் பெரிய கதைகளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் ஓர் ஒப்பீடு இருக்கிறது. 1921இன் 'தி கிட்' படத்தில் ஒரு தெரு ரவுடி வருகிறான், சக் ரைஸ்னர் நடித்தது. அவன் குத்தினால் செங்கல் சுவரே பெயர்கிறது. எட்னா வந்து மறு கன்னத்தைக் காட்டச் சொல்ல, அவன் காட்ட, சார்லி செங்கல்லால் போடுகிறான். நல்ல காட்சிதான். ஆனால் அவன் பலசாலி என்று நமக்குச் சொல்ல ஒரு சுவர் தேவைப்படுகிறது. கேம்பெல் விளக்குக் கம்பத்தின் மேல் கை வைப்பதற்கு வெகுநேரம் முன்பே நாம் நம்பியாயிற்று. 'ஈஸி ஸ்ட்ரீட்', 'தி கிட்' இரண்டும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, சாப்ளினை ஒரு தரமாவது கண்ணிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, எதிரே நிற்பவரை மட்டும் பாருங்கள்.