ஜிப்சியிலிருந்து இறக்கிய 112 கிலோ

பொள்ளாச்சியில் பழைய இரும்புக் கடைத் தராசில் என் ஜிப்சியின் முன்பக்கக் குழாய் பம்பரைத் தூக்கி வைத்தேன். 36 கிலோ. கடைக்காரர் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். "விக்கறதுக்கில்லீங்க, எடை பாக்கத்தான்" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து மேல் கேரியர், 43. பக்கவாட்டுப் படிகள் இரண்டும் சேர்ந்து 21. பின்னால் கேன் மாட்டும் ஸ்டாண்டு 12. ஆக 112 கிலோ.

சாஃப்ட் டாப் ஜிப்சியின் எடையே 985 கிலோதான். அதில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேலான இரும்பை, எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் ஆசை ஆசையாகப் பற்றவைத்து ஏற்றியிருக்கிறார். பார்க்க ராணுவ வண்டி மாதிரி மிரட்டலாகத்தான் இருந்தது. ஓட்டினால் கர்ப்பிணி எருமை.

1985-ல் சுசுகியின் எஸ்ஜே410-ஐ அடிப்படையாக வைத்து மாருதி இறக்கிய இந்த வண்டிக்கு ஊரெல்லாம் இவ்வளவு பெயர் வரக் காரணம் குதிரைத்திறன் அல்ல. என்னுடைய 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ வண்டிக்கே 80 குதிரைதான். எடை குறைவு. அதுதான் அதன் பலம். ஆற்று மணலில் பெரிய வண்டிகள் புதைந்து நிற்கும் இடத்தில் இது பூனை மாதிரி நடந்து போய்விடும். அந்தப் பூனையின் முதுகில் அம்மிக்கல்லைக் கட்டுவதற்குப் பெயர்தான் நம் ஊரில் 'மாடிஃபிகேஷன்'.

கழற்றிய பிறகு வித்தியாசம் தெரிந்ததா? முன்பக்கம் ஒன்றரை விரல் மேலே எழும்பியது. அத்தனை நாளும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் மூச்சுத் திணறிக்கொண்டு இருந்திருக்கின்றன. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் கேரியர் இல்லாத சுகம் முழுசாகத் தெரிந்தது. தலைக்கு மேல் 43 கிலோ ஆடிக்கொண்டு வந்ததால்தான் முன்பு ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து யோசித்திருக்கிறது.

இனி, உண்மையிலேயே செய்ய வேண்டியிருந்த வேலை.

டிரைவர் காலடி ரப்பர் மேட்டைத் தூக்கினால் தார் மாதிரி கறுப்பாக ஒரு பூச்சு. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், பிடி வரைக்கும் இறங்கியது. ஓட்டை வழியே கீழே பார்த்தால் பக்கத்து வீட்டுக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. டிங்கர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல பாதி தகரம், பாதி பட்டிங்க. மேல அடிச்ச பூச்சுதான் வண்டியவே புடிச்சிட்டு இருக்குது" என்றார். "நானே ஒட்டலாம்னு இருக்கேங்கண்ணா" என்றேன். சிரித்தார். "ஒட்டுங்க. ஆனா துருவுக்கு மேல ஒட்டாதீங்க, நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டுங்க."

அந்த ஒரு வரிக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது. உள்ளங்கை அளவு என்று நினைத்து கிரைண்டரைப் பிடித்தேன். வெட்ட வெட்ட முறம் அளவுக்கு வந்தது. முதலில் வீட்டில் கிடந்த ஆர்க் வெல்டிங்கில் முயன்றேன். மெல்லிய தகரத்துக்கு அது ஆகாது, ஒரு ஓட்டையை அடைக்கப்போய் மூன்று ஓட்டை விழுந்தது. பிறகு சிஓடூ மெஷினை வாடகைக்கு எடுத்தேன். 1.2 மில்லிமீட்டர் சிஆர் ஷீட்டை வெட்டி வைத்து, இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் தகரம் சூட்டில் நெளியாது. ஒரே ஓட்டமாக இழுத்தால் அப்பளம்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிஐ ஷீட் வாங்கிவிடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல். தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதும், வண்டியின் பின்பாதியில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கையே இறக்கிவிடுவதும் கட்டாயம். சோம்பேறித்தனம் காட்டும் இடமல்ல அது.

ஒட்டுப் போட்ட இடத்தில் எல்லோரும் அடிக்கும் ரெட் ஆக்சைடை நான் அடிக்கவில்லை. அது நிறத்தைக் கொடுக்கும், தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர், விளிம்பெல்லாம் சீம் சீலர், அதற்கு மேல் பாலியூரித்தேன் லைனர் பூச்சு. லைனருக்கு நான் தரும் மதிப்பெண் பத்துக்கு ஏழு. சேற்றுக் காலோடு ஏறலாம், குழாய் பிடித்துக் கழுவலாம், சத்தமும் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அடியில் துரு இருந்தால் அதை அழகாக மூடி மறைத்து வளர்க்கும். முன்னவர் அடித்திருந்த கறுப்புப் பூச்சு செய்ததும் அதையேதான். தரையிலுள்ள வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாமல் ரப்பர் மூடியோடு விட்டேன்.

டயரில் கொஞ்சம் பேராசைப்பட்டேன். வண்டியில் இருந்தது 205/70 ஆர்15. நண்பரிடம் 235/75 இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். விட்டம் 65 மில்லிமீட்டர் கூடுகிறது, ஆக்சில் கிட்டத்தட்ட 33 மில்லிமீட்டர் உயர்கிறது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் பம்பர் முனையிலும் மட்கார்டு அடியிலும் கரகரவென்று தேய்த்தது. இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து பாடி லிஃப்ட். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை கொடுத்து உயர்த்துவது. அதில் உயர்வது தகரம் மட்டும், ஆக்சில் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கல்லில் இடிப்பது ஆக்சிலின் டிஃபரன்ஷியல் குண்டு, தகரமல்ல. போதாக்குறைக்கு ஸ்டீயரிங் தண்டு, ரேடியேட்டர் ஹோஸ், கியர் லீவர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இழுபடும். வேண்டாம் என்று 215/75-க்கு இறங்கினேன். 18 மில்லிமீட்டர் உயரம், எங்கும் உரசல் இல்லை, வெட்டு இல்லை. ஸ்பீடோமீட்டர் மட்டும் 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது.

ஸ்நார்க்கல் வாங்கவில்லை. ஆக்சிலின் பிரீதர் குழாயை மேலே இழுத்து விடாமல் ஸ்நார்க்கல் மட்டும் மாட்டினால், எஞ்சின் மூச்சுவிடும், கியர் ஆயில் மட்டும் தண்ணீர் குடித்துப் பால் டீ நிறத்துக்குப் போகும். பிரீதருக்கு வேண்டியது இரண்டு மீட்டர் ரப்பர் டியூபும் நாலு கிளிப்பும்தான். அதைப் போட்டேன்.

சட்டமும் சும்மா இல்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னவரின் பம்பர், கேரியர், படி, ஸ்டாண்டு நாலையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. டயர் விஷயத்தில் நானும் முழு உத்தமன் இல்லை என்பதால் கம்பெனி அளவு டயர்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், எஃப்சிக்கு அதோடுதான் போவேன்.

மிச்சமிருப்பது முன் கண்ணாடி ஃபிரேம். அதன் அடி விளிம்பு ஜிப்சியின் தீராத நோய். மழை பெய்தால் இப்போதும் என் வலது முழங்காலில் சரியாக அதே இடத்தில் சொட்டுகிறது. கண்ணாடியைக் கழற்றி வெட்ட வேண்டிய வேலை, எனக்குக் கை நடுங்குகிறது. டிங்கர் அண்ணனிடம் நாள் கேட்டிருக்கிறேன். "ஆடி போகட்டுங்க" என்றிருக்கிறார்.