முதுகில் ஏறிய கூடை

என் நண்பர் ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். பையன் கேப்டவுனில் என்ஜினீயர். ஆறு மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தவர், வந்த மறுநாளே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குரூட் கான்ஸ்டான்ஷியா என்ற திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கேப் பகுதியை டச்சுக் கம்பெனி சார்பில் ஆண்ட சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு 1685-ல் கிடைத்த நிலம் அது. முந்நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே ஒயின் வடிக்கிறார்கள். பழைய மாளிகையை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். 1791-ல் கட்டிய ஒயின் கிடங்கின் முகப்பில் ஆண்டன் அன்ரைத் என்ற சிற்பி செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. குழந்தைகள் ஓடியாடப் புல்வெளி உண்டு. பெரியவர்கள் நடக்க மலையடிவாரப் பாதை உண்டு.

"ஒயினை மட்டும் நான் தொடவில்லை, சத்தியமாக" என்றார் நண்பர். நான் கேட்கவே இல்லை. பிறகு, "நம் ஜில்லாவில் இப்படி ஒரு இடம் உண்டா, சொல்லும்!" என்றார்.

சேலத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இந்த நாட்டில் மதுவிலக்கு முதன் முதலாக அமலுக்கு வந்ததே எங்கள் ஜில்லாவில்தான். 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி சர்க்கார் கள்ளுக் கடைகளை மூடியது. நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். அதற்கும் முன்பே, திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை குடியை எதிர்ப்பதற்காகவே வந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி உதவியாசிரியர். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்திய பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. ஆனாலும் திராட்சை ரசத்தை ரசனையோடு உறிஞ்சுகிற மரபு இந்தச் சமவெளியில் வேர் பிடிக்கவில்லை. எங்களுக்கு வாய்த்த ஒயின் காப்பிதான். மொட்டை மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை. அதன் மேல் ஏற்காடு. "உமக்குத் தோட்டம்தானே வேண்டும்? அதோ இருக்கிறது" என்று கையைக் காட்டினேன்.

அவர் போன பிறகு, கான்ஸ்டான்ஷியா என்ற பெயரை எங்கோ படித்த ஞாபகம் தொந்தரவு செய்தது. கல்லூரியில் நான் படித்த இரண்டே வருஷத்தில் உருப்படியாக வாசித்தது ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' ஒன்றுதான். 1811-ல் வந்த நாவல். தேடிப் பார்த்தேன், இருந்தது. காதலன் கைவிட்ட துக்கத்தில் மரியான் படுத்துக் கிடக்கிறாள். அந்த வீட்டு அம்மாள் நல்ல மனசோடு ஒரு கோப்பை கான்ஸ்டான்ஷியா ஒயின் கொண்டுவருகிறாள். தன் கணவனின் வாதவலிக்கு அதைப் போல் மருந்தில்லை என்கிறாள். தங்கை தூங்கிவிட்டதால் அக்காள் எலினோர் அதைத் தானே குடித்துவிடுகிறாள். உடைந்த மனசை இந்த ஒயின் ஒட்டவைக்குமானால் என் மனசிலும் சோதித்துப் பார்க்கலாமே என்று அவளுக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் ஒரு காதல் ஏமாற்றம் உண்டு. வெளியே சொல்லாத ஏமாற்றம். எவ்வளவு அழகான இடம்! ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களின் துயரத்தையும், ஒரு கிழவியின் வெகுளித்தனத்தையும் காட்டிவிடுகிறாள் அந்த மகராசி.

ஆனால் அந்தக் கோப்பை எங்கிருந்து வந்தது? கேப்பில் திராட்சைத் தோட்டங்களைக் கொத்தியவர்கள் அடிமைகள். டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் மடகாஸ்கரிலிருந்தும், ஜாவாப் பக்கத்துத் தீவுகளிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், மலபாரிலிருந்தும் கொண்டுபோனவர்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. ஆஸ்டின் அந்த வரியை எழுதியபோது அங்கே அடிமைத்தனம் ஒழியவில்லை, 1834-ல்தான் ஒழிந்தது. அவள் எழுதியது ஒரு லண்டன் வீட்டைப் பற்றி. அந்த வீட்டில் இருந்தவர்களுக்குக் கோப்பைதான் தெரியும். அவள் மீது நான் வழக்குப் போடவில்லை.

வழக்கு என் மீதே இருந்தது.

பதினோரு வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நடக்கிற கதை. முதலாளியின் மகன் சீமையில் படித்துவிட்டு வருகிறான். சேலத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வருகிறாள். பங்களா உண்டு, பியானோ உண்டு, மூடுபனிக்குக் குறைவே இல்லை. வாசகர்கள் அன்போடு வரவேற்றார்கள். இன்றும் கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து நிறுத்திப் பேசுகிறவர்கள் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பதிப்பாளர் இப்போது புதிய பதிப்புக் கொண்டுவர வேண்டும் என்கிறார். அதற்காகப் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். அதில் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டே இடத்தில் வருகிறார்கள். ஒரு இடத்தில் லாந்தர் பிடிக்கிறார்கள். இன்னொரு இடத்தில், பள்ளத்தில் கிடக்கிற சடலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே முப்பத்தொரு வாரம் அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

பழைய இதழ்களோடு ஒரு தபால் கார்டும் கிடைத்தது. ஏற்காட்டிலிருந்து வந்தது. பத்திரிகையின் ஓவியர், முதுகில் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்பதுபோல் ஒரு படம் போட்டிருந்தார். கார்டில் இருந்தது இவ்வளவுதான்: 'ஐயா, முதுகில் கூடை தேயிலைக்கு. காப்பிக்கு இடுப்பில் கட்டுவார்கள். தங்கள் கதையில் எந்தத் தோட்டம் என்று தெரிந்தால் நலம்.' அன்று இதைப் படித்துவிட்டுச் சிரித்தேனா, கோபப்பட்டேனா என்று நினைவில்லை. பதில் போடவில்லை, அது மட்டும் நிச்சயம். படம் பத்திரிகைக்கு ஓடியது, ஆசிரியர் பார்த்தார், நான் பார்த்தேன், ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தினம் இரண்டு வேளை காப்பி குடிக்கிற எங்களில் ஒருவருக்கும் கூடை இடம் மாறியிருப்பது தெரியவில்லை.

டிசம்பரில், பழம் பறிக்கிற சமயமாகப் பார்த்துக் குடும்பத்தோடு கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். பதினாலாவதில் சின்னவன் வாந்தி எடுத்ததால் கணக்குத் தவறிவிட்டது. நாங்கள் போனது விருந்தினருக்குத் திறந்துவிட்டிருக்கிற ஒரு பழைய தோட்டம். பெயர் வேண்டாம், உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. வாசலில் ஒரு பலகை: 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த வரலாறு. உள்ளே பங்களாவில், சுட்ட சிறுத்தையின் மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு நிற்கிற துரைகளின் போட்டோக்கள். ஒரு அறை முழுவதும் நீர்வண்ணச் சித்திரங்கள். மலை முகட்டில் வெயில் விழுவதையும், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி நகர்வதையும் அந்தச் சித்திரக்காரர் நன்றாகவே பிடித்திருந்தார். பதினேழு படங்கள். பதினேழிலும் மனிதர் ஒருவர் இல்லை. என் மனைவி, "உங்கள் கதைக்கு இவரையே படம் போடச் சொல்லியிருக்கலாம்" என்றாள். புகழ்ச்சியாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

பழுத்த காப்பிப் பழம் பார்க்க இலந்தைப் பழம் போல இருக்கிறது. ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் கலந்திருக்கும். சிவப்பை மட்டும் பறிக்க வேண்டும். பிறகு அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். பறித்த அன்றே தோலுரித்து, வழவழப்புப் போக ஊறவைத்து அலசி, களத்தில் காயப் போடுகிறார்கள். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை தேறும். நம் வீட்டுச் சமையலறையில் மணக்கிற ஒரு டம்ளர் டிகாக்ஷனுக்குப் பின்னால் இவ்வளவு குனிதலும் நிமிர்தலும் இருக்கின்றன.

குழந்தைகள் பழம் பறித்துப் பார்ப்பது அந்தத் தோட்டத்து நிகழ்ச்சிகளில் ஒன்று. ஒரு அம்மாள் என் மகளின் இடுப்பில் சின்னக் கூடையைக் கட்டிவிட்டாள். ஆமாம், இடுப்பில். குழந்தைகள் இரண்டும் உற்சாகமாகப் பறித்தார்கள். சிவப்பு, பச்சை, இலை, காம்பு எல்லாம் கூடைக்குள் விழுந்தது. போட்டோ எடுத்துக்கொண்டோம். நிகழ்ச்சி முடிந்ததும் மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவன், அந்த அம்மாள் கூடையைச் சாக்கில் கொட்டிப் பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்தேன். திரும்பி ஓடிவந்த என் மகளும் பார்த்துவிட்டாள்.

"அதை ஏன் எடுக்கிறீங்க?"

"பச்சை இருந்தா எடையில தள்ளிருவாங்க கண்ணு."

"அப்ப நாங்க பறிச்சது?"

"நீ பறி கண்ணு. நான் பாத்துக்கறேன்."

மகள் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், "எந்த ஊரம்மா உங்களுக்கு?" என்று கேட்டு வைத்தேன்.

"இங்கதானுங்க. மலைமேலயேதான். பாட்டன் பூட்டன் காலத்துல இதெல்லாம் சாமைக் காடுங்க."

கூட வந்த வழிகாட்டிப் பையன் அந்தச் சமயம் பார்த்து, பலாமரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியை எங்களுக்குக் காட்டினான். நல்ல கொடிதான்.

ஏற்காட்டுக் கதை எழுதியவன் நான். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் கதையில் தோட்டம் ஆகாயத்தில் நிலா இருப்பதுபோல எப்போதும் இருக்கிறது. யாருடைய நிலம், யார் வெட்டியது, யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற பேச்சே இல்லை.

தமிழில் தோட்டக் கதை எழுதப்படாமல் இல்லை. எழுதியவர்களைப் பார்த்தால், அவர்கள் எல்லாரும் பாதையில் நின்று எழுதியிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் முப்பதுகளில் எழுதிய 'துன்பக் கேணி'யில் மருதி திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போகிறாள். போகவேண்டிய நிலைமை ஊரிலேயே எப்படி உண்டாகிறது என்பதை அவர் முதலில் சொல்லிவிடுகிறார். வழக்கமான அவர் கேலி அந்தக் கதையில் அடிக்கடி தொண்டையில் சிக்கிக்கொள்கிறது; அதனாலேயே அது அவருடைய பெரிய கதைகளில் ஒன்று. பாரதியார் பிஜித் தீவைப் பார்த்ததே கிடையாது. கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அவர் பாடியதைப் படிக்கிறவர்கள் அந்தக் குறையை உணர்கிறார்களா? ஆகவே, நான் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பார்க்காமல் எழுதியது சின்னக் குற்றம். பார்க்கவேண்டும் என்றே தோன்றாதது பெரிய குற்றம்.

வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வைத்தியம் பார்த்த டாக்டர் பி. எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்று ஒரு நாவல் எழுதினார், ஆங்கிலத்தில். இரா. முருகவேள் மொழிபெயர்த்து 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது 2007-ல். முப்பத்தெட்டு வருஷம்! கலையழகு என்று பார்த்தால் அதில் குறைகள் உண்டு. கருப்பனும் வள்ளியும் சில அத்தியாயங்களில் மனிதர்களாக இல்லாமல் நோயாளிச் சீட்டுகளாகவே இருக்கிறார்கள். ஆனால் மேஸ்திரி கொடுக்கிற முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படி வருஷங்களை விழுங்குகிறது, குளிர்காய்ச்சல் எப்படி வரிசை வரிசையாகக் குடிசைகளைக் காலி செய்கிறது என்பதெல்லாம் அந்த டாக்டருக்குத் தெரியும். நாவலை மூடும்போது நமக்கும் தெரிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் வாக்கிய அழகு படைத்த நம்மில் பலரை அவர் நடக்கவிட்டு முந்திவிட்டார்.

எங்கள் சீமையிலேயே கு. சின்னப்ப பாரதி இருந்தார். நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய 'சங்கம்' கொல்லிமலை மக்களின் கதை. இயக்கத்துக்காரர் எழுத்து என்று அதைத் தள்ளிவைத்தவர்களில் நானும் ஒருவன். பாத்திரங்கள் சில இடங்களில் மேடையேறிப் பேசுகிறார்கள் என்பது உண்மை. இப்போது திரும்பப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு: அந்த மலையில் என்ன விளைகிறது, கீழேயிருந்து ஏறிவருகிற வியாபாரி அதை என்ன செய்கிறான் என்ற கணக்கு அவர் விரல் நுனியில் இருக்கிறது. மேடைப் பேச்சைக் கத்தரித்துவிடலாம். கணக்கு இல்லாத கதைக்குள் கணக்கை எங்கே செருகுவது?

பதிப்பாளருக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் எழுதினேன். அவர் பெரிய மனசு பண்ணி, "நாலு அத்தியாயம் சேர்த்து எழுதிவிடுங்களேன், திருத்திய பதிப்பு என்று போட்டால் விற்பனையும் நன்றாக இருக்கும்" என்றார். இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். பறிக்கிற பெண் ஒருத்தியை உள்ளே கொண்டுவந்தேன். அவள் வந்த உடனே சீமையிலிருந்து வந்த கதாநாயகன் பேசுவதெல்லாம் அசட்டுத்தனமாகக் கேட்க ஆரம்பித்தது. பியானோவை அறையிலிருந்து தூக்கவேண்டியதாயிற்று. மூடுபனியில் பாதியை எடுக்கவேண்டியதாயிற்று. கடைசியில் என் கதை போய்விட்டது. அவள் கதையும் வரவில்லை. அந்தத் தாள்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். நாவல் பழையபடியே வரட்டும், அந்தப் படத்தை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஓவியர் நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கூடை எவ்வளவு பெரிசு? கயிறா, பட்டையா?" என்று விசாரித்தார். என் மகளைக் கேட்டுச் சொன்னேன்.

தபால் கார்டுக்கும் பதில் போட்டிருக்கிறேன், பதினோரு வருஷம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு. எந்தத் தோட்டம் என்ற அவர் கேள்விக்கு, எந்தத் தோட்டமும் இல்லை என்று உள்ளதை எழுதினேன். விலாசம் மாறியிருக்கக் கூடும். இதுவரை கடிதம் திரும்பி வரவில்லை.