பொட்டு வைத்த அடுப்பு

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்த சரஸ்வதி பூஜையில் இருந்து ஆரம்பிக்கிறேன். பூஜை முடிந்த அரை மணி நேரத்தில் என் பெண் கணக்குப் புத்தகத்தை எடுக்கப் போனாள். "இன்னிக்குப் படிக்கக் கூடாது, நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம்தான்" என்று தடுத்தேன். சாயங்காலம் ஆபீஸில் இருந்து போன். சர்வர் படுத்துவிட்டது, அன்றைக்கு ஆன்-கால் முறை என்னுடையது. பட்டுத்துணிக்கு அடியில் இருந்த லேப்டாப்பை நான் தயங்கிக்கொண்டே பார்க்க, "வேலைன்னா எடுத்துக்கப்பா, அம்பாள் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் அம்மா. சொல்லும்போது அவர் அடுப்படியில் நின்று ராத்திரி சாப்பாட்டுக்குக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த அடுப்புக்கும் காலையில்தான் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம்.

புத்தகத்துக்குத் தடை. லேப்டாப்புக்கு விதிவிலக்கு. அடுப்பைப் பற்றி யாருக்கும் கேள்வியே வரவில்லை.

நவராத்திரி வந்தால் ஆயுத பூஜைக்கு விளக்கங்களும் வந்துவிடும். பெரும்பாலும் ஒரே சாராம்சம்: நமக்குச் சோறு போடும் கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள். தப்பில்லை. ஆனால் இது பாதி விளக்கம்தான் என்பது என் கட்சி. நன்றி சொல்வதற்குச் செலவே கிடையாது, ஒரு பொட்டு போதும். இந்தப் பண்டிகையின் கஷ்டமான பாதி வேறு: பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. அதாவது, கருவியைக் கீழே வைக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருவெறும்பூரில் 1965-ல் பெல் ஆலை வந்ததும், அதற்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர் துவாக்குடி. என் அப்பா அப்படி ஒரு பட்டறையில் டர்னர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பார்கள். மறுநாள் வாழைக்கன்று, மாலை, பொரி, கடலை, வாசலில் பூசணிக்காய் உடைப்பு. எல்லாம் முடிந்ததும் அப்பா செய்கிற கடைசி வேலை மெயின் சுவிட்சை இறக்குவது. அதன்பிறகு முதலாளியே வந்து சொன்னாலும் மெஷின் ஓடாது. விஜயதசமி காலையில் பேருக்கு ஒரு பீஸ் கடைவார்கள், அவ்வளவுதான்.

மகாபாரதக் கதையை இதற்குச் சேர்த்துச் சொல்வார்கள். அதிலும் பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்து வைத்துவிட்டு ஒரு வருஷம் கையில் எடுக்காமல் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளி வன்னி மரத்தடியில் அம்பு போடுவதும் விஜயதசமி அன்றுதான்.

"எல்லாத்தையும் நிறுத்த முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெல்லில் செய்த பாய்லரே அனல்மின் நிலையத்தில் பண்டிகை பார்த்து அணைவதில்லை. ஆனால் அங்கே மெஷின் ஓடினாலும் ஆள் மாறும், ஷிப்ட் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. தொழில் நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டின் 1958-ஆம் வருஷத்து விடுமுறைச் சட்டப்படி, பண்டிகை விடுமுறையில் வேலை பார்த்தவருக்கு இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. எனக்கும் அந்த ஆன்-காலுக்குப் பதிலாக ஒரு நாள் லீவு கிடைத்தது. சமையலறைக்கு ஷிப்டும் இல்லை, மாற்று விடுமுறையும் இல்லை.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிஷம். பண்டிகை நாளில் அந்த 299 குறையுமா கூடுமா என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

அடுப்புக்கு ஓய்வு கொடுப்பது சம்பிரதாயத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், தேடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது நேர் எதிர். குஜராத்தில் சீதளா சாதம் என்று ஒரு நாள். முந்தின நாளே சமைத்துவிட்டு, அன்றைக்கு அடுப்பைப் பூஜை செய்து, பற்றவைக்காமல் ஆறிய சாப்பாடு சாப்பிடுகிறார்கள். வங்காளத்தில் புரட்டாசிப் பிறப்பை ஒட்டி 'அரந்தன்', அதாவது சமைக்காத நாள். எரியாத அடுப்படியில் மனசா தேவிக்குப் பூஜை. அங்கே தொழிற்சாலைகளில் விஸ்வகர்மா பூஜை நடப்பதும் அதே சமயத்தில்தான். லேத்தும் அடுப்பும் சேர்ந்து ஓய்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம சமயபுரத்தாள் இருக்கிறாளே. மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கியதும் பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். ஆயுத பூஜைக்கே உரிய பொரி, கடலை, வெல்லத்தையும் யோசித்துப் பாருங்கள். எதுவுமே வீட்டு அடுப்பில் வேகிற பண்டம் இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் என் ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிட்டார். "அம்பாளுக்குச் சுண்டல் பண்றதை வேலைன்னு யாருடா சொன்னா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது பூஜையேதான், அதைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் பூஜை முடிந்தபிறகு வைக்கிற ராத்திரிக் குழம்பு அம்பாளுக்கு இல்லை, எங்களுக்கு. அதை நான் சொன்னதும் அம்மா பேசவில்லை. என் மனைவி சிரித்தாள்.

போன வருஷம் ஒரு சமரசம். நைவேத்தியம் முழுக்க அம்மா இஷ்டப்படி, பூஜைக்கு முன்னாலேயே. மதியச் சாப்பாடும் அதுவே. பூஜை முடிந்ததும் அடுப்புக்குப் பொட்டு வைத்து, சிலிண்டர் வால்வை நானே மூடினேன். ராத்திரிக்குத் தயிரில் ஊறிய அவல், பொரி, வாழைப்பழம். ஊறவைத்தது, பாத்திரம் தேய்த்தது நானும் பெண்ணும். ஏழு மணிக்கு அம்மா பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறை வாசல் வரை போய், அடுப்பில் இருந்த பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

விஜயதசமி காலையில் வால்வைத் திறந்து, முதலில் பால் காய்ச்சினோம்.