கேண்டிடேட்ஸ்: யார் உள்ளே, யார் வெளியே

2023 டிசம்பர் நடுவில் சென்னை லீலா பேலஸ் ஓட்டலில் எட்டுப் பேர் ஆடிய ஒரு செஸ் போட்டி நடந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 50 லட்ச ரூபாய் பரிசுத் தொகையுடன் நடத்திய அந்தச் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ், அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே தொடங்கிவிட்டது. ஏன் அவ்வளவு அவசரம் என்பது செஸ் உலகில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சர்க்யூட் புள்ளிகள் சேர்க்க ஒரு களம் தேவைப்பட்டது. ஏழு சுற்றுகளில் இருவரும் 4.5 புள்ளிகளோடு சமமாக நின்றார்கள்; டைபிரேக்கில் குகேஷ் முதலிடம் பெற்றார். அந்தப் புள்ளிகளால் நெதர்லாந்தின் அனிஷ் கிரியை முந்தினார். சர்க்யூட்டில் முதலிடம் பிடித்த கருவானா ஏற்கெனவே உலகக் கோப்பை வழியாகத் தகுதி பெற்றிருந்ததால், உலக சாம்பியனை எதிர்கொள்பவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் சர்க்யூட்டுக்கு உரிய இடம் குகேஷுக்கு வந்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றார். டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இத்தனை நல்லது நடந்த பிறகு அந்த ஒரு வாரப் போட்டியைக் கேள்வி கேட்பது நம் ஊரில் சங்கடமான வேலைதான். ஆனாலும் கேட்க வேண்டும். கிரியின் நிலையில் நம் பிள்ளை இருந்து, வேறொரு நாட்டு அரசு தன் வீரருக்காக ஆண்டுக் கடைசியில் இப்படி ஒரு போட்டியை நடத்தியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? விதி எதையும் சென்னை மீறவில்லை. போட்டியும் பெயருக்கு நடந்ததல்ல. அரோனியன், ஹரிகிருஷ்ணா போன்றவர்கள் ஆடினார்கள், குகேஷ் உழைத்துத்தான் வென்றார். 2024இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மீண்டும் நடந்து, அது ஆண்டுப் போட்டியாகவே வேரூன்றியும் விட்டது. குறை விதியில் இருந்தது. போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும் பலகைக்கு முன் உட்கார, மற்றவர் வேறு கண்டத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையை அந்த விதி அனுமதித்தது.

உள்ளே போனபின் நடக்கும் ஆட்டத்தைப் பொறுத்தவரை, இன்றைய செஸ்ஸில் கேண்டிடேட்ஸைவிட நேர்மையான போட்டி இல்லை என்பேன். எட்டுப் பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, 14 சுற்றுகள். முதலிடம் பெறுபவர் மட்டுமே உலக சாம்பியனை எதிர்கொள்வார். வழக்கமாக இரண்டாம் இடத்துக்கு அடுத்த படி எதுவும் கிடையாது. அதனால்தான் கடைசி நாள் வரை எவரும் பாதுகாப்பாக ஆட முடிவதில்லை. இந்த வடிவத்துக்கும் ஒரு பழைய கறை உண்டு. 1962இல் கியூராசோவில் பெட்ரோசியான், கெல்லர், கெரஸ் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். சோவியத் வீரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று பாபி ஃபிஷர் பகிரங்கமாகக் குற்றம் சாட்ட, ஃபிடே நேருக்கு நேர் நாக் அவுட் முறைக்கு மாறியது. 2013இல்தான் பழைய வடிவம் முழுமையாகத் திரும்பியது. ஒரே நாட்டு வீரர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதிவிட வேண்டும் என்ற ஏற்பாடும் கூடவே இருக்கிறது.

சிக்கல் வாசலில்தான். எட்டு இடங்களில் பெரும்பாலானவை உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ் என்ற இரண்டு பெரிய போட்டிகள் வழியே நிரம்புகின்றன. இவற்றின் மேல் உள்ள வழக்கமான புகார், தற்செயலுக்கு அதிக இடம் கொடுக்கின்றன என்பது. 2023 உலகக் கோப்பையை வென்ற கார்ல்சன் கேண்டிடேட்ஸ் வேண்டாம் என்று விலக, நான்காவதாக வந்த அசர்பைஜானின் நிஜாத் அபாசோவ் உள்ளே வந்தார். டொராண்டோவில் 14 ஆட்டங்களில் 3.5 புள்ளிகளோடு கடைசி இடம். இவர் எப்படி இங்கே என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வி எனக்கு நியாயமாகப் படவில்லை. அபாசோவ் நாக் அவுட்டில் எதிரே உட்கார்ந்தவர்களைத் தோற்கடித்து வந்தவர். அதே உலகக் கோப்பையில் 18 வயதுப் பிரக்ஞானந்தா இறுதி ஆட்டம் வரை சென்றதும் அதே கதவு திறந்திருந்ததால்தான்.

ரேட்டிங் இடம் வேறு ரகம். கேட்பதற்கு எல்லாவற்றையும்விட நியாயமானது போலத் தோன்றும்: வேறு வழியில் தகுதி பெறாதவர்களில் அதிக ரேட்டிங் உள்ளவருக்கு ஓர் இடம். நடைமுறையில் இதுதான் மிகவும் கோணலானது. 2022இல் உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ரஷ்யாவின் கர்யாகின் தடை செய்யப்பட, அவர் இடம் ரேட்டிங்கில் முன்னால் இருந்த டிங் லிரெனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் பெருந்தொற்றுக் காலப் பயணத் தடைகளால் டிங் தேவையான 30 ஆட்டங்களை ஆடியிருக்கவில்லை. சீனா அவசரமாகப் போட்டிகளை ஏற்பாடு செய்தது. ஏறத்தாழ ஒரே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அவர் ஆடி முடித்தார். மாட்ரிட் கேண்டிடேட்ஸில் இரண்டாம் இடம். கார்ல்சன் பட்டத்தைத் துறந்ததால் அடுத்த ஆண்டு உலக சாம்பியன்.

2023 முடிவில் அலிரெசா ஃபிரூஜாவின் முறை. வெஸ்லி சோவை முந்தச் சில ரேட்டிங் புள்ளிகள் வேண்டும். பிரான்சின் ஷார்த்ர் நகரில், அவரைவிட மிகக் குறைந்த ரேட்டிங் கொண்டவர்களோடு அவருக்காகவே ஆட்டங்கள் ஏற்பாடாயின. ஃபிடே முகம் சுளித்தது. உடனே ரூவான் நகர ஓப்பன் போட்டிக்குப் போய் ஏழுக்கு ஏழு வென்று இடத்தைப் பிடித்தார். சோவோடு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் சோவை வெளியே தள்ளிய போட்டி அது. டொராண்டோவில் ஃபிரூஜா எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தார்.

ஃபிடே விதியைத் திருத்தியது. ஒரு மாத ரேட்டிங்குக்குப் பதில் ஆறு மாதச் சராசரி. குறைந்தது 40 ஆட்டங்கள். விளைவு? 2025இல் உலகின் இரண்டாம் நிலை வீரரான ஹிகாரு நகமுரா அந்த 40ஐ நிரப்புவதற்காக லூசியானா மாநிலப் போட்டியிலும் அயோவா ஓப்பனிலும் அமெச்சூர் வீரர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். நகமுராவின் தகுதியை யாரும் சந்தேகிக்கவில்லை. உலகின் இரண்டாமவரை உள்ளூர்ப் போட்டியில் வருகைப்பதிவு போட வைத்த விதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மிகப் பலவீனமான எதிராளியோடு ஆடினாலும் ரேட்டிங் வித்தியாசம் 400 என்றே கணக்கிடப்படும் என்ற பழைய சலுகையை, 2650க்கு மேல் உள்ளவர்களுக்கு ஃபிடே 2025 அக்டோபரில் நீக்க வேண்டி வந்தது. ஓட்டையை அடைக்க ஒட்டு, ஒட்டை அடைக்க இன்னொரு ஒட்டு.

இதே கண்ணோடு பார்த்தால் சர்க்யூட் அவ்வளவு மோசமில்லை. 2025இல் பிரக்ஞானந்தா டாடா ஸ்டீல், ருமேனியாவின் சூப்பர்பெட் கிளாசிக், உஸ்செஸ் கோப்பை என்று ஆண்டு முழுக்க வலுவான களங்களில் வென்று அந்த இடத்தைப் பெற்றார். ஆண்டு நெடுகப் பரவிய கணக்காக இருக்கும்வரை சர்க்யூட் நல்ல அளவுகோல். நவம்பர், டிசம்பரில் பணமுள்ள கை உள்ளே நுழையும்போதுதான் கெடுகிறது. ஜனவரியிலேயே போட்டிகளின் பட்டியலை மூடிவிட்டால் பாதி நோய் தீரும். மற்றபடி, 2024இல் 2800 ரேட்டிங்கைத் தொட்ட அர்ஜுன் எரிகைசி 2024 கேண்டிடேட்ஸிலும் இல்லை, 2026இலும் இல்லை என்பதை எந்தச் சீர்திருத்தமும் முழுதாகத் தடுக்க முடியாது. எட்டு என்பது சிறிய எண்.

பார்வையாளர் பக்கம் வருவோம். 2016இல் போட்டி உரிமையை வைத்திருந்த ஆகான் நிறுவனம், மாஸ்கோ கேண்டிடேட்ஸ் நகர்த்தல்களைத் தன் தளத்தைத் தவிர வேறெங்கும் நேரலையில் வெளியிடக் கூடாது என்றது. அதே ஆண்டு நியூயார்க் உலக சாம்பியன் போட்டிக்கு முன் அமெரிக்க நீதிமன்றத்திலும் தடை கேட்டுப் பார்த்தது, நீதிபதி மறுத்துவிட்டார். இந்தத் தோல்விக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். டொராண்டோவில் பிற்பகல் 2.30க்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே நள்ளிரவு 12. செஸ்பேஸ் இந்தியா போன்ற யூடியூப் சேனல்களின் வர்ணனையோடு விடிய விடிய விழித்திருந்தவர்கள் பைசா செலவில்லாமல் எல்லா நகர்த்தல்களையும் பார்த்தார்கள். கடைசி நாளில் கருவானா – நெபோம்னியாச்சி ஆட்டம் 109 நகர்த்தல்களுக்குப் பிறகு டிரா ஆனபோதுதான் குகேஷின் வெற்றி உறுதியானது. கூடத்தில் இருந்தவர்களுக்கும் படுக்கையில் போனோடு கிடந்தவர்களுக்கும் அது ஒரே நொடியில் தெரிந்தது.

அப்படியானால் டிக்கெட் வாங்கிக் கூடத்துக்குப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் இருப்பவருக்குக் கணினி யார் முன்னிலை என்று நொடிக்கு நொடி சொல்கிறது. இவருக்குத் தன் மூளைதான் துணை. 2016 நியூயார்க்கில் பணம் கட்டி வந்தவர்கள் வீரர்களைக் கண்ணாடிக்கு அப்பால்தான் பார்த்தார்கள். கண்ணாடியை எடுத்தால் வேறு தொல்லை. 2018 பெர்லின் கேண்டிடேட்ஸில் பழைய குளிர்பதனக் கிடங்கான குயூல்ஹவுஸில் பார்வையாளர்கள் மேல்தளங்களிலிருந்து குனிந்து பார்க்க, இரைச்சல் என்று வீரர்கள் புகார் சொன்னார்கள். டொராண்டோவின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமான கிரேட் ஹாலில் பார்வையாளர் அல்ல, வீரரே இரைச்சல் ஆனார். மரத்தரையில் ஃபிரூஜாவின் காலணி சத்தம் போடுகிறது என்று நடுவர் ஆட்டத்தின் நடுவே அவரிடம் சொல்ல, அவர் கோபமாக எதிர்த்தார்.

ஆனாலும் கூடம் வேண்டும். வீரர் எழுந்து நடப்பது, மற்றவர் பலகையை எட்டிப் பார்ப்பது, கடிகாரம் இறங்கும்போது தோள் இறுகுவது ஆகியவற்றைக் கேமரா துண்டு துண்டாகத்தான் காட்டும். டொராண்டோ செய்த பெரிய நல்ல காரியம், ஆண்கள், பெண்கள் கேண்டிடேட்ஸ் இரண்டையும் முதல் முறையாக ஒரே கூரையின்கீழ் நடத்தியது. பரிசுத் தொகை 5 லட்சம் யூரோவும் 2.5 லட்சமும் என்று பிளவு இருக்கவே செய்தது. ஆனால் பிரக்ஞானந்தாவைப் பார்க்க வந்தவர், கடைசி ஐந்து சுற்றுகளையும் தொடர்ந்து வென்ற அவருடைய அக்கா வைஷாலியையும் பார்த்துவிட்டுப் போனார்.

தகுதிமுறையையும் பார்வையாளரையும் நான் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உலகக் கோப்பையிலும் கிராண்ட் சுவிஸிலும் இடம் கைமாறுவது நம் கண்ணெதிரே, இருவரும் மேசையில் இருக்கும்போது. ரேட்டிங் இடம் தீர்மானமானது பெரும்பாலும் யாரும் பார்க்காத அறைகளில், போட்டியாளர் இல்லாத மேசைகளில். 2023இல் வெளியே நின்ற கிரி 2025 கிராண்ட் சுவிஸை வென்று உள்ளே வந்தார். அதில் எவருக்கும் மறுபேச்சு இல்லை. ஃபிடே ரேட்டிங் இடத்தை இனியும் ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற வேண்டாம். அதை எடுத்து, கிராண்ட் சுவிஸில் மூன்றாவதாக வருபவருக்குக் கொடுத்துவிடலாம்.