தடை விதித்தால் யாருக்கு நஷ்டம்?

சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்யலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் உற்பத்தியாளர்கள் ஒரே பதிலைச் சொல்லி வந்திருக்கிறார்கள். விளம்பரம் எவரையும் புதிதாகப் புகைக்கத் தூண்டுவதில்லையாம். ஏற்கெனவே புகைப்பவரை ஒரு பிராண்டிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கிறதாம், அவ்வளவே.

வாசகர்களே, இதை உண்மை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த விற்பனை மாறாது என்றால், எல்லாரும் ஒரே நாளில் விளம்பரத்தை நிறுத்தினால் எல்லாருக்கும் செலவு மிச்சம். தடையை அவர்களல்லவா முதலில் கேட்க வேண்டும்!

அமெரிக்காவில் ஏறத்தாழ அப்படியே நடந்தது. ஆனால் காரணம் வேறு. 1967-இல் அந்நாட்டு ஒலி, ஒளிபரப்பு ஆணையம், சிகரெட் விளம்பரம் வெளியிடும் நிலையங்கள் புகைப்பதன் தீமையைக் கூறும் அறிவிப்புகளுக்கும் கணிசமான நேரம் தரவேண்டும் என்று ஆணையிட்டது. வயது வந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 4,290 சிகரெட் என்று 1966-இல் இருந்த அளவு, 1970-இல் 3,985 ஆக இறங்கியது. கம்பெனிகள் திகைத்தன. 1969-இல் தாங்களே ஒளிபரப்பிலிருந்து விலகிக்கொள்ள முன்வந்தன! 1971 ஜனவரி 2 முதல் வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களுக்குச் சட்டப்படி தடை வந்தது.

சிகரெட் விளம்பரம் போனதும், அதற்குப் பதில் சொல்ல வந்த அறிவிப்புகளும் பெரும்பாலும் போய்விட்டன. கம்பெனிகளின் மொத்த விளம்பரச் செலவு சுமார் 36 கோடி டாலரிலிருந்து 25 கோடியாகக் குறைந்தது. விற்பனையோ குறையவில்லை, 1973-இல் அதே கணக்கு 4,148. (இதற்கு அறிவிப்புகள் நின்றது ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது மட்டுமே புள்ளிவிவரம் சொல்வது.) மிச்சப் பணம் பத்திரிகைகளுக்கும், தெருவோர விளம்பரப் பலகைகளுக்கும், டென்னிஸ், கார்ப் பந்தயங்களுக்கும் பாய்ந்தது. இணைந்த குழாய்களில் ஒன்றை அடைத்தால் நீர் மற்றவற்றில் ஏறுவதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே "தடையால் பயனில்லை" என்போர் காட்டும் சான்று, உண்மையில் அரைகுறைத் தடைக்கு எதிரான சான்று. பல நாடுகளை ஒப்பிட்டு 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றிரண்டு வழிகளை மட்டும் அடைப்பதால் பெரிய மாற்றமில்லை, எல்லா வழிகளையும் அடைத்தால் புகைப்பது குறைகிறது என்றே கண்டது.

இன்னொரு வாதம், வயது வந்தவரின் சுதந்திரம். இதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆனால் அமெரிக்காவில் நாள்தோறும் புகைப்பவருள் மிகப் பெரும்பாலோர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். நிகோட்டின் பிடித்துக்கொண்ட பின் வரும் "சொந்த விருப்பம்" எத்தகையது என்பதை, விட முயன்று தோற்ற உங்கள் உறவினர் ஒருவரிடம் கேளுங்கள்.

தடைக்கு ஒரு குறையும் உண்டு. புதிய கம்பெனி தன் பெயரை ஊரறியச் செய்ய முடியாதாகையால் பழைய பெரிய பெயர்கள் பாதுகாப்பாக நிலைத்துவிடும். அந்த லாபத்தை வரியால்தான் பிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான வழிகளை அடைத்தது. ஆனால் விற்கும் கடையின் பலகைக்கும் சிகரெட் பெட்டிக்கும் இடம் விட்டது. புகையிலைப் பொருளின் பெயரையே தாங்கிய பாக்கு, ஏலக்காய்ப் பொட்டலங்களின் விளம்பரங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஏலக்காயை வாங்குபவர் எத்தனை பேர், அந்தப் பெயரை மனத்தில் பதித்துக்கொள்ளும் பள்ளி மாணவர் எத்தனை பேர்?